மோட்டார் சைக்கிளுக்குக் கட்டிய காப்பு

என் அண்ணனுக்கு உடம்பு கனம், வாய் அதைவிடக் கனம். வாயை விட்டுவிட்டு அப்புறம் உடம்பால் திண்டாடுவது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம். நான் அவருக்கு ஒரே தங்கை. அவர் வாயால் வந்த சங்கடங்களில் சரிபாதி என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் இதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால் அவர் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். திருச்சிராப்பள்ளியில் உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது தள்ளிவிட்டுப் போன வண்டி. பக்கவாட்டில் ஒற்றைச் சக்கரத்தோடு ஒரு சைடு கார் ஒட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் நாங்கள் அதைத் தொட்டி என்றோம். மாடு கழுநீர் குடிக்கிற தொட்டியேதான், ஒரு சக்கரம் மட்டும் கூடுதல். திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டு வாசலில் அண்ணன் வண்டியை உதைத்துக் கிளப்பினால் கோயில் கோபுரத்துப் புறாக்கள் அத்தனையும் எழுந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உட்காரும். புறாக்கள் உட்காருவதற்குள் வண்டி நின்றுபோவதும் உண்டு.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு மொட்டை போடுவதும் காது குத்துவதும் தாய்மாமன் மடியில்தான். என்னைக் கட்டிக் கொடுத்தது கொடும்பாளூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். என் மகளுக்கு அங்கே மொட்டை போட நாள் குறித்தபோது, அண்ணன் மோட்டார் சைக்கிளில்தான் வருவேன் என்று கிளம்பினார். அது நடுவழியில் படுத்துக்கொண்டது. வழியில் போன மாட்டு வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு அவரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்த்தபோது, பிள்ளையின் தலையில் பூசிய சந்தனமே காய்ந்துபோயிருந்தது. என் பெரியப்பா மகன் ஒருவர் உண்டு. எந்த விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து, வெளுத்த வேட்டியை விரித்து, சம்மணம் போட்டு, மடியைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மொட்டை அவர் மடியில் நடந்து முடிந்துவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். என் வீட்டுக்காரர் பந்தியில் அத்தனை பேருக்கும் நடுவில், "மச்சான், அடுத்த தடவை மோட்டாரத் தூக்கி மாட்டு வண்டியில வச்சுக்கிட்டு வந்துருங்க. ரெண்டுலயும் வந்த மாதிரி இருக்கும்" என்றார். பந்தியே சிரித்தது. அண்ணன் இலையை விட்டு எழுந்தார்.

"அம்மன் மேல சத்தியம். இனிமே என் காலு மாட்டு வண்டியில பட்டுச்சுன்னா நான் மனுசனே இல்ல!"

அதற்கப்புறம் பத்து மாதம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. இவர் அவரை 'ஒங்க அண்ணன்' என்பார், அவர் இவரை 'ஒன் வீட்டுக்காரன்' என்பார். நடுவில் நான் இரண்டு பக்கமும் செய்தி சுமக்கிற தபால்காரியாக அலைந்தேன். எரிச்சலாக வரும், சில நாள் அழுகையாகவும் வரும்.

அப்போதுதான் காது குத்துக்கு நாள் வந்தது. அண்ணனைக் கையோடு அழைத்துப்போக நான் பிள்ளையோடு திருக்கோகர்ணம் வந்திருந்தேன். விடிந்தால் முகூர்த்தம். முதல் நாள் சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் தாய்மாமன் வந்து, சபையில் பிள்ளையை மடியில் வைத்துச் சீர் கொடுக்க வேண்டும், அது அந்த வீட்டு முறை. என் மாமியார் ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார்: "விளக்கு வைக்கிற வரைக்கும் பாப்போம். வரலேன்னா மடிக்கா பஞ்சம்?" என் பெரியப்பா மகன் முந்தின நாளே போய் உட்கார்ந்துவிட்டதாகவும் தெரியவந்தது. இந்தத் தடவையும் வேறு மடியில் நடந்தால் அண்ணன் அப்புறம் என் வாசலை மிதிக்க மாட்டார், எனக்கு அது நிச்சயமாகத் தெரியும். பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

கூட்டிப்போக மாடு பூட்டிய வில்வண்டி அனுப்புகிறேன் என்று ஆள் விட்டார் என் வீட்டுக்காரர். அண்ணன் அந்த வார்த்தையைக் காதிலேயே வாங்கவில்லை.

சீர்ப் பையை, அதாவது பட்டுப் பாவாடையையும் ஒரு ஜோடித் தோட்டையும், காலடியில் வைத்துக்கொண்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் தொட்டிக்குள் இறங்கினேன். புறாக்கள் எழுந்தன. அன்னவாசல், இலுப்பூர் வழியாக நேரே போனால் காலைப் பலகாரம் செரிப்பதற்குள் போய்விடலாம். அண்ணன் வண்டியை வடக்கே திருப்பினார்.

"அண்ணே, இங்கிட்டு எங்க போற?"

"நார்த்தாமலை, குளத்தூர் பாத்துட்டு, உள் ரோட்டுல அங்கிட்டுப் போயிருவோம். வண்டி வாங்கி நாம வந்தத நாலு பேரு பாக்க வேணாமா?"

நாலு பேர் அல்ல, நானூறு பேர் பார்த்தார்கள். தலையில் குடத்தோடு போன ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தாள், குடம் திரும்பவில்லை, தண்ணீர் மட்டும் திரும்பியது. ஓர் ஆட்டுக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் ஓடி, பிறகு நாங்கள் போகிற வழியிலேயே ஒன்று சேர்ந்துகொண்டது. ஒரு செவலை நாய் அரை மைல் தூரம் விடாமல் துரத்தியது. அண்ணன் பொறுமை போய் வண்டியை நிறுத்திவிட்டார். நாய்க்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. துரத்தி வந்தது நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. சக்கரத்தை முகர்ந்தது, எங்களைப் பார்த்தது, வெட்கப்பட்டுக்கொண்டு திரும்பிப் போனது.

ஒன்று மட்டும் கண்டுபிடித்தோம். இன்ஜின் ஓடினால் பிள்ளை தூங்கும். நின்றால் விழித்து அலறும். நாய்க்காக நிறுத்தியதில் விழித்தவள், வண்டி மறுபடி கிளம்பும் வரை அலறினாள்.

நார்த்தாமலைப் பாறைகள் காலை வெயிலில் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோல் கிடந்தன. இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் நான் அவற்றைச் சமையல்கட்டு ஜன்னலிலும் வண்டிக் கூண்டுக்குள்ளிருந்தும் துண்டு துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன். தொட்டிக்குள் கூரை கிடையாது. வானம் முழுசாகத் தெரிந்தது. காற்று முகத்தில் அடித்தது, கொண்டை அவிழ்ந்துவிட்டது, நான் கட்டவில்லை. அண்ணன் மேல் இருந்த கோபத்தை நார்த்தாமலையில் பாதி தொலைத்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

குளத்தூரில் அண்ணனுடைய சிநேகிதர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. அவரை வெளியே கூப்பிட்டு வண்டியைக் காட்டினார். அவர் மற்ற குமாஸ்தாக்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் ஹாரனை ஒரு முறை அமுக்கிப் பார்த்தார்கள். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. மிச்சமிருந்த பாதிக் கோபத்தோடு போன பாதியும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டது.

குளத்தூரை விட்டு மேற்கே திரும்பியதும் ரோடு என்று சொல்ல எதுவும் இல்லை. வண்டித் தடம் இரண்டு, நடுவில் கருகிய புல். கண்ணுக்கு எட்டிய மட்டும் செம்மண் பொட்டல், சரளைக்கல், அங்கங்கே உடைமரம், கள்ளி. வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள்ளேயே குறுக்கே ஓட்டினார். தூரத்தில் கானல் நீர் ததும்பியது. "அங்கிட்டுத் தண்ணி கெடக்கு பாரு" என்று அண்ணன் மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அங்கே போய்ப் பார்த்தால் செம்மண்தான். நான்காவது முறை உண்மையாகவே தண்ணீர் இருந்தது. கானல் என்று நினைத்து அதற்குள் விட்டுவிட்டார். பட்டுப் பாவாடை தப்பியது, நான் தப்பவில்லை.

உச்சி வெயிலில் ஒரு சின்னக் கிராமத்துக்குள் நுழையும்போது முன் டயர் புஸ்ஸென்று உட்கார்ந்தது. பிள்ளை அலறினாள். வண்டி நின்ற இடம் அம்மன் கோயில் வாசல். கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது, ஊர் முழுக்கத் தோரணம், மஞ்சள் வாசனை. எனக்குப் பிள்ளைக்குப் பால் வாங்குவதுதான் கவலை. எதிர்வீட்டு அம்மாள் உள்ளே கூப்பிட்டாள், போய்விட்டேன். அண்ணனை அரை மணி நேரம் தனியே விட்டது என் தவறு. அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

திரும்பி வந்தபோது டியூபுக்கு ஒட்டுப் போட்டு, காற்றடித்து, அண்ணன் தூசிக் கண்ணாடி மாட்டித் தயாராக நின்றார். முகமெல்லாம் பெருமை. ஹாண்டில்பாரில் வேப்பிலைக் கொத்து. கொத்தோடு சேர்த்து, மஞ்சள் துண்டு முடிந்த ஒரு மஞ்சள் கயிறு.

நான் கயிற்றை விரலால் காட்டினேன்.

"அண்ணே, இது என்னாது?"

"சாமி கயிறு. பூசாரி அங்கிட்டுச் சூலத்துக்குக் கட்டுனாரு, கோயில் மணிக்குக் கட்டுனாரு, கம்பத்துக்குக் கட்டுனாரு. நம்ம வண்டிக்கும் ஒண்ணு கட்டுங்க சாமி, வழித்தொணையா இருக்கட்டும்னேன். நல்ல மனுசன், ஒடனே கட்டிட்டாரு."

கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்குத் தெரிந்தது, டவுனில் வளர்ந்த அவருக்குத் தெரியவில்லை. அது வழித்துணைக் கயிறு இல்லை. திருவிழாக் காப்பு. காப்பு யாருக்குக் கட்டியதோ எதில் கட்டியதோ, அவர்களும் அதுவும் எட்டு நாள் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கிற வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

நான் சொன்னேன். அண்ணன் சிரித்தார். பக்கத்தில் நின்ற பூசாரி சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அண்ணனும் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க கேட்டீங்க, நான் கட்டுனேன். இனி வண்டி ஆத்தாவோடது. எட்டு நாள் இருந்துட்டுப் போங்க, சாப்பாடு போடுறோம்" என்றார் பூசாரி.

"வண்டிக்குமா?" என்று கேட்டார் ஒரு பெரியவர்.

அண்ணன் கயிறு இருந்த பக்கம் மெதுவாகக் கையைக் கொண்டுபோனார். நான் அந்தக் கையில் ஓர் அடி வைத்தேன். அம்மை வருகிற கோடைகாலம், கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு அம்மன் காப்பை அவிழ்க்க நான் விடுவேனா? ஊரும் விட்டிருக்காது.

கொடும்பாளூர்ப் பக்கம் போக இன்னும் எட்டு மைல் இருந்தது. கோயிலுக்குப் பானைகள் இறக்கிவிட்டு, வெறும் வைக்கோலோடு அந்தப் பக்கம் திரும்பிப் போகிற மாட்டு வண்டி ஒன்று புறப்பட நின்றது. வண்டிக்காரர் வெளியூர்க்காரர். "ஏறுங்க, பொழுது சாயறதுக்குள்ள விட்டுடறேன்" என்றார்.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் வானத்தைப் பார்த்தார்.

"நீ பிள்ளையத் தூக்கிட்டுப் போ ஆத்தா. நான் வரல."

"நீ வராம நான் போயி? மடிய யாரு குடுக்குறது?"

"சத்தியம் பண்ணியிருக்கேன். அதுவும் அம்மன் மேல. அவ வாசல்லயே நின்னுக்கிட்டு மாட்டு வண்டியில கால் வைக்கச் சொல்றியா? நடந்து வேணா வாரேன்."

எட்டு மைல் அவர் நடப்பது நடக்காத காரியம். கோயில் வாசலுக்கும் வேப்ப மரத்துக்கும் நடந்ததிலேயே மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பத்து மாதமாகச் சேர்த்து வைத்ததை எல்லாம் அந்தக் கோயில் வாசலில் கொட்டினேன். வண்டியைத் திட்டினேன், வெள்ளைக்காரரைத் திட்டினேன், பந்தியில் பேசிய என் வீட்டுக்காரரைத் திட்டினேன், குளத்தூர்க் குமாஸ்தாக்கள் ஒருவரையும் விடவில்லை. கொட்டுக்காரர்கள் கொட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில் திட்ட ஆள் இல்லாமல் அழ ஆரம்பித்தேன். பிள்ளையும் சேர்ந்துகொண்டாள். அண்ணன் தூசிக் கண்ணாடியைக் கழற்றவில்லை. அதற்குள்ளேயும் ஈரம் தெரிந்தது.

"எனக்கு மட்டும் ஆசை இல்லையா? பொறந்தன்னைக்கு மொத மொத இவளத் தூக்குனது நான்தான்" என்றார்.

அந்த நேரத்தில் என் கண் தொட்டியின் மேல் விழுந்தது. கயிறு ஹாண்டில்பாரில் இருந்தது. தொட்டியில் எதுவும் இல்லை.

"சாமி, காப்பு மோட்டாருக்குக் கட்டுனீங்களா, தொட்டிக்கும் சேத்துக் கட்டுனீங்களா?"

பூசாரி யோசித்தார். ஊரும் யோசித்தது. ஒருவர், ஒட்டிக்கொண்டிருக்கிறபடியால் இரண்டும் ஒன்று என்றார். இன்னொருவர், பசுவுக்குக் கட்டினால் கன்றுக்கும் கட்டினதாகுமா என்றார். பால் குடிக்கிற கன்றா, மறந்த கன்றா என்று கேட்டார் முதல் ஆள். தொட்டி என்ன குடிக்கிறது என்று அண்ணனை விசாரித்தார்கள். பெட்ரோல் குடிப்பது மோட்டார்தான், தொட்டி எதுவும் குடிக்காது என்று அண்ணன் சத்தியம் செய்யப் போனார். நான் அவர் வாயைப் பொத்தினேன்.

"அப்ப அது தனி. தாராளமாக் கொண்டு போங்க" என்று தீர்ப்புச் சொன்னார் பூசாரி.

ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டைக் கழற்றினார் அண்ணன். தொட்டி கன்றுக்குட்டி மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. "இத வச்சுக்கிட்டு என்ன செய்யப் போற?" என்றார்.

"நீ என்ன சத்தியம் பண்ணுன? கால் படாதுன்னுதானே? தொட்டிக்குள்ள ஏறி உக்காரு."

அவர் வாழ்நாளில் தொட்டிக்குள் உட்கார்ந்ததில்லை. அவர் அளவுக்கு அது செய்யப்படவும் இல்லை. கோயில் தரையில் வைத்தபடியே உள்ளே இறங்கினார், பக்கவாட்டில் கொஞ்சம் அமுக்கிவிட வேண்டியிருந்தது. அப்புறம் ஊர் ஆட்கள் எட்டுப் பேர், சாமி பல்லக்கைத் தூக்குகிற தோரணையில், தொட்டியோடு அவரைத் தூக்கி மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் வைத்தார்கள். "பல்லக்கு இந்தக் கனம் இல்லப்பா" என்று ஒருவர் தோளைத் தேய்த்துக்கொண்டார். கொட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எல்லை வரை கொட்டிக்கொண்டே வந்தார்கள். மோட்டார் சைக்கிள் வேப்பிலையோடு சூலத்துக்குப் பக்கத்தில் நின்றது. எட்டு நாளும் அதற்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்ததாகப் பிற்பாடு தெரிந்தது. காப்பை அவிழ்த்துக் கொண்டுவந்த பிறகு அந்த வண்டி ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

கொட்டு ஓய்ந்ததும் பிள்ளை அலறினாள். இன்ஜின் சத்தம் வேண்டும் அவளுக்கு. அண்ணன் அவளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வாயால், "டுர்ர்ர்ர்" என்றார். அழுகை நின்றது. அவர் நிறுத்தினார், அழுகை தொடங்கியது. எட்டு மைல் தூரமும் என் அண்ணன் மோட்டார் சைக்கிளாக இருந்தார். மேட்டில் ஏறும்போது சத்தத்தை உயர்த்தினார், இறக்கத்தில் தணித்தார். மாடுகள்கூட அதற்குத் தகுந்தபடி நடந்ததாக வண்டிக்காரர் சத்தியம் செய்கிறார். கொடும்பாளூர்க் கோயில் விமானங்கள் சாயங்கால வெயிலில் சிவந்து தெரிந்தபோது அவர் தொண்டை கட்டிப்போயிருந்தது. வெறும் காற்றுதான் வந்தது. அதற்குள் பிள்ளை உண்மையாகவே தூங்கிவிட்டிருந்தாள்.

எங்கள் வாசலில் மாமியார் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். சபையில் சமுக்காளம் விரித்திருந்தது. ஓரத்தில் என் பெரியப்பா மகன் மடியோடு உட்கார்ந்திருந்தார். மாட்டு வண்டியையும், அதன் மேல் தொட்டியையும், தொட்டிக்குள் தூசிக் கண்ணாடியோடு அண்ணனையும் பார்த்துச் சபை முழுவதும் எழுந்து நின்றது. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். "மாப்ள அன்னைக்குச் சொன்ன மாதிரியேல்ல வந்திருக்காரு!" என்று ஒரு குரல் கேட்டது.

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏற்ற எட்டுப் பேர் இருந்தார்கள். இறக்குவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. தொட்டியிலிருந்து இறங்க வேண்டுமானால் மாட்டு வண்டியில் கால் வைத்தே ஆக வேண்டும். அத்தனை பேர் பார்க்க, சத்தியத்தை முறிக்க வேண்டும். மாமியார் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார்.

என் வீட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தொட்டியைப் பார்த்தார், அண்ணன் காலைப் பார்த்தார், வண்டியின் பலகையைப் பார்த்தார். யாரும் அவருக்கு எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்ன சொல்லிச் சிரிக்கப் போகிறாரோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். வண்டியில் ஏறி, அண்ணனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"கழுத்தக் கட்டிப் புடிச்சுக்கங்க மச்சான். கீழ கால் படாது."

நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன். நாலு பேர் தொட்டியை அமுக்கிப் பிடித்தார்கள். என் அண்ணன், பத்து மாதமாகப் பேசாத மனிதரின் முதுகில் உப்பு மூட்டை ஏறினார். இவர் ஒல்லி. கால் தடுமாறி, பல்லை நறநறத்து, சாய்ந்து சாய்ந்து நடந்து, விளக்கு ஏற்றுவதற்குள் அவரைச் சமுக்காளத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். என் பெரியப்பா மகன் மடியைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். நான் தூங்குகிற பிள்ளையை அண்ணன் மடியில் போட்டேன்.

அவருக்குப் பேசக் குரல் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார், கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் பக்கத்திலேயே உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"மச்சான், அந்த மோட்டார நான் ரொம்பப் பேசிட்டேன்" என்றார். "இம்புட்டுக் கனத்தச் சொமந்துக்கிட்டு அது நின்னு போனதுல ஒண்ணும் தப்பே இல்ல."